விற்பது வண்டியை மட்டும்தானா?

"என்னடா இது, பீங்கான் படிக்கிற பையன் கார் விற்பதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறானே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே. களிமண்ணைப் பற்றியும் சூளையைப் பற்றியும் எழுத நம் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது நம்மில் பல பேர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றி.

உங்கள் வீட்டில் அது காராக இல்லாமல் இருக்கலாம். தாத்தாவின் ஆயில் இன்ஜினாக இருக்கலாம், பெரியப்பாவின் தறியாக இருக்கலாம், குயவர் வீட்டுச் சக்கரமாக இருக்கலாம். வயதான ஒருவர் "நாளைக்குச் சரி பண்ணிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே வைத்திருக்கும் ஒரு பொருள். அந்த நாளை வரப் போவதில்லை என்பது ஒருநாள் வீட்டுக்கே தெரிந்துவிடும். அப்போது அதை என்ன செய்வது? யாருக்கு விற்பது? எப்படி விற்பது?

"எடைக்குப் போடு" என்பது ஒரு பதில். "பெரியவர் நினைவா அப்படியே கெடக்கட்டும்" என்பது இன்னொரு பதில். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. எப்படி இந்தக் கட்சிக்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்குள் இரண்டு கார்

என் அப்பா கார் மெக்கானிக். ஐந்தாம் வகுப்போடு ஸ்பானர் பிடித்தவர். எங்கள் கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை ஒன்று. அதற்குள் நான் பிறப்பதற்கு முன்பே வந்து சேர்ந்த இரண்டு கார்கள்.

ஒன்று, 1969ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு வைத்தது. ஒரு டாக்டர் கியர்பாக்ஸ் வேலைக்கு விட்டிருந்தார். வேலை முடிவதற்குள் அவர் புது மாருதி வாங்கிவிட்டார். கூலிக்குப் பதிலாக, "நீயே வச்சுக்கப்பா" என்று கொடுத்துவிட்டார். இன்னொன்று 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4. அரசு அலுவலகம் ஒன்றில் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்தது. அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டியின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது.

பகலில் ஊரார் வண்டி, ராத்திரியில் தன் வண்டி. இதுதான் அப்பாவின் கணக்கு. ஒரு வருடம் பிரேக், ஒரு வருடம் ஒயரிங், கையில் காசு வந்தால் கொஞ்சம் டிங்கர் வேலை. அக்கா கல்யாணம் வந்தது, இரண்டு வருடம் நிறுத்தம். என் அட்மிஷன் வந்தது, மறுபடி நிறுத்தம். ஆனால் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மட்டும் ஹெரால்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்து, பழம் நசுங்கும் அளவுக்கு நகர்த்தி நிறுத்துவார். வருடத்துக்கு ஒன்றரை அடி! எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கார் ஓடிய தூரத்தை எல்லாம் கூட்டினாலும் எங்கள் தெருமுனை வராது.

அம்மாவுக்கு அந்தக் கொட்டகை மேல் தீராத கோபம். "வண்டிக்கு ஷீட்டு போட்டாரு. நாம கூரை ஒழுவ ஒழுவ உக்காந்திருந்தோம்" என்பார். உண்மைதான். எங்கள் வீட்டுக்கு முன்னால் கார்தான் ஓலைக்கூரையை விட்டு வெளியே வந்தது. "இந்தக் கார்லதான் உன்ன ஸ்ரீமுஷ்ணம் கூட்டிட்டுப் போவேன்" என்று அப்பா அம்மாவுக்குச் சொன்ன வாக்கு என்னைவிட வயதில் மூத்தது. அம்மா போவது என்னவோ பஸ்ஸில்தான்.

அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் கண் பார்வை மங்க ஆரம்பித்தது. போல்ட்டைப் பார்த்துத் திருகியவர் தடவித் தேட ஆரம்பித்தார். ஒருநாள் ராத்திரி கொட்டகையில் லைட் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

எடைக்கா, படத்துக்கா, ஓட்டவா?

என் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் ஒரு யோசனை சொன்னார். "அப்பா ஆஸ்பத்திரிக்குப் போற நாளாப் பாத்து காயலான் கடைக்காரர வரச்சொல்லி ஏத்திடுவோம். கண்ணெதிர்ல விட மாட்டாரு." நானும் சரி என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அண்ணனைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். மாத்திரைச் செலவு அவர் அனுப்பும் பணத்தில்தான் நடக்கிறது. கடைக்காரர் கிலோ 28 ரூபாய் சொன்னார். அம்பாசடர் 1,100 கிலோவுக்குக் குறையாது, ஹெரால்டு 800 கிலோ சொச்சம். ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும். ஐம்பதாயிரம் என்றால் எங்கள் வீட்டில் அது சாதாரணத் தொகையா?

திட்டம் நடக்கவில்லை. பார்த்துவிட்டுப் போக வந்த கடைக்காரர் அப்பா இருக்கும்போதே வந்துவிட்டார். அப்பா சண்டை போடவில்லை. "டயரையும் சேத்துத்தான் எடை போடுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் போன பிறகு எங்கள் இருவரிடமும் மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் அவராகவே சொன்னார். "விக்கணும்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? பெரியவர்களுக்குப் பொருள் மேல் பாசம், அதனால் விடமாட்டார்கள் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால்தான் அவர்கள் நம்மைவிடத் தெளிவாக இருப்பது தெரிகிறது.

அன்றைக்கே அப்பா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்தார். "அம்பாசடருக்கு அடியில தட்டு" என்றார். தட்டினேன். பொத்தென்று சத்தம் வந்தது, துரு கொட்டியது. "ஹெரால்டுக்கு அடியில தட்டு." தட்டினேன். கோயில் மணி மாதிரி கணீரென்றது. "அவ்வளவுதான். அதுக்கு உசிரு போயிடுச்சி. இதுக்கு இருக்கு. அத எடைக்குக் குடு. இத ஓட்டறவனுக்குக் குடு."

காரணத்தைப் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியும் தரையும் சேர்ந்ததுதான் அதன் முதுகெலும்பு. தரை போனால் வண்டியே போனது. ஹெரால்டு அப்படியல்ல. அடியில் தனிச் சேஸிஸ். அதன் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் 1959இல் இந்தக் காரைக் கொண்டுவந்தபோது முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர கம்பெனி கிடைக்கவில்லை. அதனால் துண்டு துண்டாகச் செய்து வாங்கிப் பூட்டினார்கள். அவர்களுக்கு அன்று வந்த கஷ்டம், இன்று வெறும் ஸ்பானரோடு நிற்கும் ஒரு மெக்கானிக்குக் கைகொடுக்கிறது!

அந்தக் கார் நம் ஊர்க்காரும்கூட. 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைச் செய்தது. நம் ஜங்ஷனில் சென்னைக்கு ரயில் ஏறினால் தாம்பரத்துக்கு முன்னால் வருமே, அதே வண்டலூர்தான். பம்பாயில் பியட், கல்கத்தா பக்கம் அம்பாசடர், தமிழ்நாட்டில் ஹெரால்டு என்று ஒரு காலம் இருந்திருக்கிறது. 1988இல் அந்தக் கம்பெனியில் கார் உற்பத்தி நின்றது. அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது. 2017இல் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் பிரான்சு தேசத்துக் கம்பெனி ஒன்றுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். பெயருக்கு 80 கோடி! அதை ஓட வைக்கத் தெரிந்த கைகளுக்கு என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய மனிதர்கள் வண்டி என்றால் அதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். மெக்கானிக்கின் காருக்கு மியூசியம் வேண்டாம். வாங்குகிறவன் சரியாக அமைந்தால் போதும்.

ஹெரால்டைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் சினிமா படப்பிடிப்புக்குப் பழைய கார் வாடகைக்கு விடுபவர். 1,10,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஓட வேணாம்யா, நாலு பேர் தள்ளினாப் போதும். பெயின்ட் பளபளன்னு இருந்தாப் போதும்" என்றார். இரண்டாமவர் பண்ருட்டியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். அவர் 95,000தான் தர முடியும் என்றார். ஆனால் வந்ததும் வராததுமாகத் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஐயா, இந்த இடத்துல நீங்க வச்சிருக்கிற புஷ் நீங்களே கடைஞ்சதா?" என்று கேட்டார்.

அப்பா அவருக்கே கொடுக்கச் சொன்னார். பதினைந்தாயிரம் நஷ்டம். அண்ணன் போனிலேயே சத்தம் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. எங்கள் மாதிரி வீட்டில் பதினைந்தாயிரத்தை விட்டுக்கொடுப்பது பெருமையாகப் பேசிக்கொள்ளும் காரியம் அல்ல. பட்டறை அண்ணனிடமே போய், "கொஞ்சம் கூட்டிக் கொடுங்க" என்று நான் தனியாகக் கேட்டதும் உண்டு. அவர் ஐந்தாயிரம் கூட்டினார். ஒரு லட்சத்தில் முடிந்தது.

ஹாக்சா பிளேடும் வெண்கலக் குடுமியும்

பத்தாயிரம் குறைந்தாலும் அது சரியான வியாபாரம்தான் என்று இப்போது சொல்கிறேன். காரணம் இதுதான்.

நம் தாத்தாக்கள் மாட்டுச் சந்தையில் எப்படி விற்றார்கள்? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேரத்தில் ஆயிரம் பொய் இருக்கும். ஆனால் விலை படிந்து, மாடு கை மாறும்போது, விற்றவர் வாங்கினவரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லுவார். "இது இடத்துக்குப் பழகின மாடு, வலத்துல பூட்டாத. இடி இடிச்சா மெரளும். பின்னால நின்னு கைய வைக்காத." இதைச் சொல்லாமல் விற்றால் பாவம் என்பது அவர்கள் எண்ணம். சொல்லாமல் விட்டதால் வாங்கினவன் முட்டுப்பட்டால் அந்தப் பழி விற்றவனுக்கு.

காரும் அப்படித்தான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பழக்கம் உண்டு. அது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

ஓர் உதாரணம். ஹெரால்டின் முன் சக்கரம் திரும்புவதற்கு அடியில் வெண்கலத்தில் ஒரு பாகம் உண்டு. புத்தகத்தில் அதற்கு 'ட்ரனியன்' என்று பெயர். அப்பா 'குடுமி' என்பார். பழைய கதவு நின்று திரும்புமே, அந்தக் குடுமி. பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கும். எந்த மெக்கானிக்கும் கிரீஸ்தான் அடிப்பார். அடிக்கக் கூடாது. கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது உள்ளே கெட்டியாகி நிற்கும், மரை வரைக்கும் போகாது. உள்ளே தண்ணீர் இறங்கி இரும்பு துருப்பிடிக்கும். ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும். அப்பா அப்படி ஒரு வண்டி மடங்கிக் கிடந்ததைத் தம் பதினெட்டு வயதில் பார்த்தவர். காரை ஒரு லட்சத்துக்கு வாங்கி, இந்த ஒரு வாக்கியத்தை வாங்காமல் போகிறவன் தன் குடும்பத்தை எதில் உட்கார வைக்கிறான்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பிளக் இடைவெளி பார்க்க அப்பாவிடம் கேஜ் கிடையாது. தேய்ந்துபோன ஹாக்சா பிளேடு துண்டு ஒன்று வைத்திருப்பார். அதை நுழைத்துப் பார்ப்பார். "பிடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது" என்பார். எனக்குச் சந்தேகம். அந்தத் துண்டை லேபுக்குக் கொண்டு வந்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். 0.64 மில்லிமீட்டர். ஹெரால்டு புத்தகத்தில் போட்டிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.635 மில்லிமீட்டர். நான் மூன்று வருடம் படித்துப் பிடித்த இடத்தில் அப்பா முப்பத்தைந்து வருடமாக நின்றுகொண்டிருக்கிறார்!

பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளை மூக்கைத்தான் முதலில் பார்ப்பார். நம் பாடம் அது, அலுமினாப் பீங்கான். சூட்டையும் மின்சாரத்தையும் ஒன்றாகத் தாங்கும் என்பதால் அதைப் போடுகிறார்கள். மூக்கு காபிப் பொடி நிறம் என்றால் வண்டி நலம். கறுத்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் பெட்ரோல் போதாது, சூடாகிறது. நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் பழைய தொழிலாளிகள் சூளைத் துவாரத்தில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு வெப்பம் என்று சொல்லுவார்களே, அதே வித்தைதான் இது. ஆனால் கண் போனால் இந்த வித்தை போச்சு. கண்ணுக்குரியவர் போனால் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன். பெரியவர் பேசும் நிலையில் இருக்கும்போதே விற்க வேண்டும். அவர் கண்ணை மூடிய பிறகு விற்றால் நாம் விற்பது இரும்பு மட்டும்தான். காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொல்வதில் தப்பே இல்லை. நாம் கொடுப்பதே அவ்வளவுதான்.

பேப்பரில் தூங்கிய வண்டி

இனி ஒரு முக்கியமான விஷயம். இதில் எங்கள் வீட்டுத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் காரைக் கொடுத்தபோது விற்பனை ஃபாரங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். வைத்தார், வைத்தார்... ஆபீசில் கொடுக்கவே இல்லை! டாக்டரும் காலமாகிவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் கொட்டகையில் நின்ற கார், சட்டப்படி எங்கள் காரே அல்ல.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போதுதான் படித்தேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கினவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஃபாரம் 29, ஃபாரம் 30. இன்சூரன்சை 14 நாளுக்குள் வாங்கினவர் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு ஃபாரம் 31 கொடுக்க வேண்டும். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், இனி எனக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. பல கை மாறிப் போன ஒரு கார் 2009இல் விபத்து செய்தது. அந்த வழக்கில் 2018இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. காரை எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

டாக்டரின் மகளைத் தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து, கையெழுத்தும் போட்டார். ஆனால் பதிவு காலாவதியாகிக் கிடந்தது. தனியார் காருக்கு முதல் 15 வருடம், அதன் பிறகு ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு அபராதம் தனி.

50 வருடம் தாண்டிய, அசல் மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப்பதிவு 2021 முதல் உண்டு. கட்டணம் 20,000, பத்து வருடத்துக்குச் செல்லும், 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் வரும். ஆனால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஓட்டக் கூடாது. பட்டறை அண்ணன், "எனக்குக் காய்கறி வாங்கப் போற கார் வேணும்" என்று சாதாரணப் பதிவையே கேட்டார்.

அதற்குக் காரை இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். பிரேக், ஹாரன், லைட், வைப்பர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். எலுமிச்சம்பழம் நசுக்கிய கார் இன்ஸ்பெக்ஷனுக்குப் போவதாவது!

இங்கேதான் நண்பர்களே, நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. சட்டம் போட்ட அந்த முட்டுக்கட்டையே எங்களுக்கு வரமாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுத்த பட்டறை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பண்ருட்டியிலிருந்து வர ஆரம்பித்தார். அப்பா முக்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், அண்ணன் செய்வார், நான் நோட்டில் எழுதுவேன். நான்கு மாதம். 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டாவது மாதத்தில் 'மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்தார். கொட்டகையில் மறுபடி ராத்திரியில் லைட் எரிந்தது. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினோம். முதல் தடவை ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை பாஸ்!

கயிறு

பேப்பரெல்லாம் முடிந்து கார் கிளம்பும் நாளில் பட்டறை அண்ணன், "மேஸ்திரி, மொதல்ல ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வந்துடுவோம்" என்றார். யார் சொல்லி வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்துவிட்டு, "இந்த சீட்டுக்கா இத்தன வருசம்?" என்றார். ஆனால் திரும்பி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முன் சீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். பழைய கயிறு விற்றவன் வீட்டிலேயே இருக்கும். அப்பா இரண்டு சாவியையும், ஸ்பேர் பெட்டியையும், நோட்டையும் கொடுத்தார். ஹாக்சா பிளேடு துண்டையும் கொடுத்துவிட்டார். கழற்றிப் போட்ட பழைய பிளக் ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இப்போது என் மேஜை மேல் இருக்கிறது.

அம்பாசடர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி, கைப்பிடி எல்லாவற்றையும் அப்பா கழற்றச் சொல்லி, தேவைப்பட்டவர்களுக்குத் தனித்தனியாக விற்றோம். மீதி எடைக்குப் போனது. அதற்கு முன்னால் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்தோம். இல்லையென்றால் அந்த நம்பரில் வேறு எந்தத் திருட்டு வண்டி ஓடினாலும் போலீஸ் வருவது நம் வீட்டுக்குத்தான். அதற்காக அப்பா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. செத்ததைச் செத்தது என்று சொல்ல அவருக்குத் தெரியும்.

நண்பர்களே, 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். காருக்கு அது பொருந்தாது. ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும். நினைவாக வைத்திருக்கிறேன் என்று துருப்பிடிக்க விடுவது பாசம் அல்ல. பெரியவர் இல்லாத நேரம் பார்த்து ஏற்றிவிடுவதும் சாமர்த்தியம் அல்ல.

நான் கேட்டுக்கொள்வது நான்கே விஷயம். முதலில் பெரியவரைக் கேளுங்கள். எதை விற்கலாம், யாருக்கு விற்கலாம் என்று அவரே சொல்லட்டும். இரண்டாவது, பேப்பரைத் தேடுங்கள். யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மூன்றாவது, வாங்குகிறவர் எவ்வளவு தருகிறார் என்பதோடு என்ன கேள்வி கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். நான்காவது, எழுதுங்கள். நம் வீடுகளில் படித்த முதல் தலைமுறை நாம்தான். அப்பாக்களின் கையில் இருப்பதை எழுதி வைக்க அவர்களால் முடியாது. அவர்கள் வியர்வையில் படித்த நம்மால் முடியும். செல்போனில் படம் எடுங்கள், குரலைப் பதிவு செய்யுங்கள், ஆனால் நோட்டிலும் எழுதுங்கள். எழுதும்போதுதான் கேள்வி வருகிறது.

விற்ற பிறகு ஒன்று: அந்தப் பொருளின் மேல் உரிமை கொண்டாடாதீர்கள். பட்டறை அண்ணன் ஹெரால்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "குடுமிக்கு ஆயில் விடறானா, கிரீஸ் அடிக்கிறானா? அதக் கேளு" என்றார்.

கேட்டேன். ஆயில்தான்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு